எடைக்குப் போட்ட மோட்டார்கள்

மலேசியாவில், பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். நம் அப்பாக்களின் மோட்டார் சைக்கிள்களை நாம் காப்பாற்றவில்லை. இதை வெளியாள் யாரும் எடுத்துச் சொல்வதற்கு முன் நாமே பேசிவிடுவது நல்லது.

ஹோண்டாவின் சூப்பர் கப் 1958 ஆகஸ்டில் ஜப்பானில் வெளிவந்தது. அதே ஆண்டு ஹோண்டா மோட்டார்களை விற்கும் உரிமையைப் பினாங்கில் லோ பூன் சியூ பெற்றார். சிறுவனாகச் சீனாவிலிருந்து வந்து, பஸ் கழுவி, மெக்கானிக் வேலை பார்த்து உயர்ந்தவர் அவர். பின்னால் வந்த சி70 நம் லயங்களின் வண்டியாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் உளியும் வாளியுமாக நிரைக்குப் போகும், பகலில் பால் தோம்பைச் சுமந்து ஸ்டோருக்கு வரும், மாலையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கும் ஓடும். குடியிருந்த வீடு தோட்டத்துடையது, வெட்டிய மரம் கம்பெனியுடையது. நம் அப்பாக்களின் பெயர் போட்டு அரசாங்கம் கொடுத்த முதல் சொத்துப் பத்திரம் பலருக்கு மோட்டார் கிராண்ட்தான். டவுனில் வேறு வேலை தேடிப் போகும் துணிச்சலும் அந்த வண்டியோடுதான் வந்தது. இதை நாம் போதுமான அளவு யோசித்ததே இல்லை.

அவர்கள் வண்டியைப் பார்த்துக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. சி70-இன் உடல் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது, உள்ளே காலியிடம். சேறும் ஈரமும் அடியில் தங்கினால் தகடு உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் பட்டால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வேலை முடிந்ததும் முதலில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவினார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் சிறு கைகள் இரண்டுக்கும் புஷ் உண்டு. அவற்றில் கிரீஸ் வற்றினால் செம்மண் பாதையில் ஹேண்டல் ஆடும். இக்னீஷன் பாயிண்ட்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைக் கண்ணாலும் எஞ்சின் சத்தத்தாலும் சரிபார்த்தவர்கள் எத்தனையோ பேர். யாரும் அவர்களைப் பொறியாளர் என்று சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டார்ச்லைட் பிடித்த நாம் ஸ்பேனரை வாங்கிப் பழகிக்கொள்ளவில்லை. படி, படி என்று அவர்களே நம்மை எழுப்பி அனுப்பினார்கள் என்பது உண்மைதான். படித்து முடித்த பிறகாவது திரும்பி வந்து கேட்டிருக்கலாமே!

தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாம் தாமான் வீடுகளுக்கு வந்தோம். மோட்டார் பின்கட்டில் நின்றது. காலி டேங்க் உள்ளே துருப்பிடித்தது, கார்புரேட்டரில் கிடந்த பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்தது. இடத்தை அடைக்கிறது என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டோம். கிராண்ட் எங்கே என்று பலர் தேடவே இல்லை. தேடியவர்களுக்கும் அது காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்தது. அப்படிப்பட்ட வண்டியின் பெயரை மாற்ற வேண்டுமானால் வாரிசுரிமைப் பத்திரம் வாங்க வேண்டும், பிறகு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்குப் போக வேண்டும். நாம் அலுத்துப்போய் விட்டுவிட்டோம். இன்று கம்பத்து மலாய் இளைஞர்களும் டவுன் சீனப் பெரியவர்களும் அதே கப் வண்டிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து ஓடவிடுகிறார்கள். அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். நம் பிள்ளைகள் ஆர்எக்ஸ்-இசட் வண்டிக்குக் காசைக் கொட்டுவதையும் குறை சொல்ல மாட்டேன். தாத்தாவின் வண்டியைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்லாதபோது அவர்கள் எதைத் தேடுவார்கள்?

நம் வட்டாரத்திலேயே உள்ள சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டி எடுத்த இரும்பு உருக்கு உலைகளைப் பார்க்கப் போகிறோம். கடாரத்து இரும்பு என்று பெருமைப்படுகிறோம், படத்தான் வேண்டும். அந்த மண்ணுக்கு மேலே பாடுபட்டவர்களின் இரும்பைக் கிலோக் கணக்கில் விற்றவர்களும் நாமே. தோட்ட வாழ்க்கை பற்றிய நம் கண்காட்சிகளில் உளி இருக்கும், மங்கு இருக்கும், வாளி இருக்கும். கம்பெனிக்கு உழைத்த கருவிகளை எடுத்து வைத்த நாம், சொந்தக் காசில் வாங்கிய வண்டிக்கு அங்கே இடம் வைக்கவில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

இப்போது அடுத்த வரிசை வண்டிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. பீடோங்குக்கு வடக்கே, குருணில், மொடெனாஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 1996-இல் வந்த அதன் கிறிஸ் 110 நம் ஊர் பக்கத்திலேயே செய்யப்பட்ட வண்டி. நம் அண்ணன்மார் முதல் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. முதல் கிறிஸ்களுக்கு ஏறக்குறைய முப்பது வயதாகிறது, பல போர்ட்டிக்கோவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கிராண்ட், அடையாள அட்டை முதலிய பத்திரங்களை எடுத்துக்கொண்டு, வண்டியை வாங்கியவரையும் ஜேபிஜே கவுண்டருக்கு அழைத்துப் போனால், கைரேகை வைத்துப் பெயரை மாற்றிவிடலாம். வீடு திரும்பியதும் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றும்போது அவரையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்த ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.