பழைய வண்டி வாங்கும் முன்

கேமரன் மலைக்குச் செல்பவர்கள் தேயிலைச் செடிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் காண்பது பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைத்தான். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களின் சாலைகளிலும் தோட்டங்களின் மண்பாதைகளிலும் அவை இன்றும் காய்கறிக் கூடைகளையும் உர மூட்டைகளையும் சுமந்து ஓடுகின்றன. அவற்றைக் கண்டு ஆசைப்பட்டு விலை பேசுவோரும் உண்டு. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால், பழைய வண்டியை வாங்குபவர் அதன் வயதையும் நோயையும் சேர்த்தே வாங்குகிறார். எனவே, வாங்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பராமரிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

இந்த வண்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகளைத் தயாரித்தது. போர் முடிந்த பின், பிரிட்டனின் ரோவர் நிறுவனப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் பார்த்தே லேண்ட் ரோவர் உருவானது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. அப்போது எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் மேற்கூடு அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. பிரிட்டிஷார் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் இராணுவமும் தோட்டங்களும் இவ்வண்டியைப் பயன்படுத்தின. ஆக, கேமரன் மலையின் லேண்ட் ரோவர் ஒரு வகையில் அமெரிக்க ஜீப்பின் வாரிசு எனலாம்.

வரலாறு நம்மை மயக்கிவிடக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற என் மாமா, தம் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கினார். காய்கறி ஏற்றிச் சென்று பிழைக்கலாம் என்பது அவர் திட்டம். புதிதாகப் பூசப்பட்டிருந்த பச்சை வண்ணம் அவர் கண்ணைப் பறித்தது. இரண்டு மாதங்களுக்குப் பிறகு பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதன்மேல் கறுப்பு வண்ணத்தைப் பூசி மறைத்திருந்தார்கள். பழுது பார்க்க ஆன செலவு வண்டியின் விலையையே மிஞ்சியது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்னும் பழமொழியின் பொருளை அன்று எங்கள் வீடு முழுவதும் உணர்ந்தது.

ஆகவே, முதலில் கவனிக்க வேண்டியது வண்டியின் அடிப்பகுதியாகும். லேண்ட் ரோவரின் மேற்கூடு அலுமினியம் என்பதால் அது எஃகைப் போல் துருப்பிடிப்பதில்லை. ஆனால், அதைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகினால் ஆனது. மழையும் பனியும் மிகுந்த மலையில், சட்டத்தின் உள்ளே சேறு தங்கி அதை உள்ளிருந்தே அரிக்கும். சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். பழைய அமெரிக்கக் கார்களின் மேற்கூடு பெரும்பாலும் எஃகினால் ஆனது. அதைச் சோதிக்க ஒரு காந்தமே போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பசை பூசி ஓட்டையை அடைத்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் லேண்ட் ரோவரின் மேற்கூட்டிற்கு இச்சோதனை உதவாது.

இரண்டாவது, உயிர் தொடர்பானது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளமும் எண்ணற்ற வளைவுகளும் கொண்டது. பழைய வண்டிகளில் உள்ள டிரம் பிரேக், நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளும் ஒரே எண்ணெய்க் குழாய் அமைப்பை நம்பியிருக்கின்றன. ஓரிடத்தில் கசிந்தாலும் எல்லாமே செயலிழக்கக்கூடும். இறக்கத்தில் குறைந்த கியரில் செல்வதே பாதுகாப்பு. ஆனால், இந்த வண்டிகளில் கீழ் கியருக்கு மாற்றுவதற்கே தனிப் பழக்கம் தேவை. வண்டி வாங்குவதற்கு முன்பே அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். இருக்கை வார் இல்லாத வண்டியாயின், அதைப் பொருத்திய பிறகே குடும்பத்தாரை ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பவரும். கேமரன் மலையில் லேண்ட் ரோவர் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அதன் ஒவ்வோர் ஆணியையும் அறிந்த பட்டறைக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள். 1964-இல் வெளிவந்த ஃபோர்ட் மஸ்டாங் போன்ற அமெரிக்கக் காரை அங்கு வாங்கி வைத்தால் நிலைமை வேறு. பாகங்களைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும். நம் நாட்டுக் குறுகிய மலைச் சாலையில் முன்செல்லும் லாரியைக் கடக்க முயலும்போது, எதிரே வரும் வண்டி அந்த ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் காருக்கான சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்துக் கணக்கிடப்படுவதையும் பெரிய இயந்திரம் கொண்ட காரை விரும்புவோர் மறக்கலாகாது.

நான்காவது, ஆவணங்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிக்குப் பல ஆண்டுகளாகச் சாலை வரி செலுத்தப்படாமல் இருந்திருக்கலாம். உரிமைச் சான்றிதழில் உள்ள இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் பெயர் மாற்றச் சோதனையில் வண்டி தேறாது. காப்புறுதி கிடைக்குமா, எவ்வளவு தொகைக்குக் கிடைக்கும் என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

"இத்தனை தொல்லை எதற்கு? பழைய வண்டியே வேண்டாம்" என்று சிலர் கூறலாம். அக்கருத்தை நான் ஏற்கவில்லை. முறையாகப் பராமரிக்கப்பட்ட பழைய வண்டி, ஒரு தலைமுறையின் உழைப்பை அடுத்த தலைமுறைக்குக் காட்டும் சான்றாகும். அதைச் சீர்செய்யும் கைத்திறனும் அதனோடு சேர்ந்து வாழ்கிறது. இன்று பட்டறைகளில் உள்ள மூத்தவர்களிடம் இளைஞர்கள் அத்தொழிலைக் கற்காவிட்டால், நாளை வண்டி இருக்கும். அதை ஓட வைக்க ஆள் இருக்கமாட்டார்.

என் மாமா அந்த வண்டியை விற்கவில்லை. சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து, அடிச்சட்டத்தை மாற்றி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓட்டத் தொடங்கினார். இப்போது யாராவது வண்டி வாங்க யோசனை கேட்டால், அவர் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. "முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார், தம்பி" என்றுதான் சொல்கிறார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தானே?