சான்றிதழ் கிணற்றை அடக்காது

வளைகுடாவில் ரிக் வேலைக்குப் போகும் நம்ம ஊர்ப் பையன்களிடம் ஏஜென்ட் முதலில் கேட்பது, "சர்ட்டிபிகேட் வச்சிருக்கியா தம்பி?" என்பதுதான். இருந்தால் நல்லது. இல்லையென்றால், "அஞ்சு நாள் கிளாஸ் போ, வாங்கிக்கலாம்" என்பார். அந்த 'வாங்கிக்கலாம்' என்ற ஒற்றைச் சொல்தான் இந்தக் கட்டுரையின் கவலை.

குவைத், அபுதாபி, ஓமான் எண்ணெய் வயல்களில் தமிழர்கள் பொறியாளர்களாக இருக்கிறார்கள், ரிக் தளத்தில் குழாய் பூட்டிக் கழற்றும் தொழிலாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் முழுசாக ஊர் திரும்புவதற்கும் ஒரு பயிற்சி வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. நானும் ஐடி ஆள்தான். கல்லூரியில் கூடப் படித்த மெக்கானிக்கல் நண்பர்கள் ரிக்குக்குப் போன பிறகுதான் இந்த உலகம் எனக்குக் கொஞ்சம் தெரிய வந்தது.

விஷயம் இதுதான். பூமிக்குள் பல ஆயிரம் அடி ஆழத்தில் எண்ணெயும் எரிவாயுவும் பாறைக்குள் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கின்றன. துளை போடும்போது அவை மேலே பாயாமல் தடுப்பது, துளைக்குள் நிரப்பியிருக்கும் கனமான திரவம். களத்தில் அதற்குப் பெயர் 'மட்'. அந்த மட் தரும் அழுத்தம் பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் எரிவாயு துளைக்குள் நுழையும். அதுதான் 'கிக்'. ரொம்பக் கூடினால் பாறை பிளந்து மட் உள்ளே போய்விடும், துளையில் மட்டம் இறங்கும், அப்போதும் கிக் வரலாம். இந்த இரண்டுக்கும் நடுவே பார்த்து நடப்பதுதான் வெல் கன்ட்ரோல். கிக்கைக் கவனிக்காமல் விட்டால் 'ப்ளோஅவுட்'.

எவ்வளவு சீக்கிரம் கவனிக்க வேண்டும்? எரிவாயு மேலே ஏற ஏற விரியும். அடியில் 5,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு பேரல் இடத்தில் அடங்கிய வாயு, வெளிக்காற்றுக்கு வரும்போது சுமார் 300 மடங்காகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான். அடியில் இருக்கும்போது சாதுவாகத் தெரிவது, கடைசிச் சில நூறு அடியில் பூதமாகிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும்.

அடையாளங்கள் உண்டு. தொட்டியில் மட்டின் அளவு காரணமில்லாமல் ஏறும். பம்பை நிறுத்திய பிறகும் கிணறு ஓடிக்கொண்டே இருக்கும். துளையிடும் வேகம் திடீரென்று கூடும். குழாயை வெளியே இழுக்கும்போது, வெளிவந்த இரும்பின் அளவுக்கு மட் உள்ளே இறங்காது. இவற்றை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கும் மேனேஜர் அல்ல. தொட்டிப் பக்கம் நிற்கும் டெரிக்மேன், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மட் லாகர், கன்ட்ரோலில் இருக்கும் டிரில்லர். சந்தேகம் வந்தால் துளையிடுவதை நிறுத்து, பம்பை நிறுத்து, கிணறு ஓடுகிறதா பார், ஓடினால் பிஓபியை மூடு. பிஓபி என்பது கிணற்றின் வாயில் உட்கார்ந்திருக்கும் ராட்சத வால்வு அடுக்கு. அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மூடச் சொல்ல ஒரு மனுஷன் வேண்டும்.

என் வேலையில் ஒரு ரிலீஸ் சொதப்பினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவோம். நடுராத்திரி அலர்ட் அடித்தால், "சும்மா அடிக்குதுப்பா" என்று மியூட் பண்ணுகிறவர்களும் உண்டு. காலையில் திட்டு விழும், அவ்வளவுதான். கிணற்றில் திரும்பிப் போக பழைய வெர்ஷன் கிடையாது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கை நமக்கெல்லாம் தெரியும். 11 பேர் இறந்தார்கள். கிணற்றை மூடும்வரை 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. ஆனால் அது கத்துக்குட்டிகள் நடத்திய ரிக் அல்ல. ஏழு ஆண்டுகள் பெரிய காயம் எதுவும் இல்லாமல் ஓடியதற்குப் பாராட்ட, அதே நாளில்தான் நிறுவன அதிகாரிகள் அங்கே வந்திருந்தார்கள்.

அன்று மாலை 'நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட்' செய்தார்கள். கிணற்றுக்குள் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, அடியில் போட்ட சிமென்ட் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. சிமென்ட் தாங்கியிருந்தால் துளைக் குழாயில் அழுத்தம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 1,400 பிஎஸ்ஐ காட்டியது. 'பிளாடர் எஃபெக்ட்' என்று ஒரு விளக்கம் வந்தது. கில் லைன் என்ற இன்னொரு குழாயில் ஓட்டம் இல்லை என்று பார்த்தார்கள். சோதனை பாஸ் என்று முடிவு செய்தார்கள். சில மணி நேரத்தில் ரிக் தீப்பிடித்தது. அதிபர் ஒபாமா நியமித்த தேசிய ஆணையம் விசாரித்துச் சொன்னது என்ன தெரியுமா? அந்தச் சோதனையை எப்படிச் செய்வது, முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கு வரையறுத்த நடைமுறையும் இல்லை, அந்தக் குழுவுக்கு அதில் முறையான பயிற்சியும் இல்லை.

இதைவிட வலிக்கிற செய்தி ஒன்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது. நான்கு மாதம் முன்னால், 2009 டிசம்பரில், அதே டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்தின் வேறொரு ரிக்கில், வட கடலில், கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்தது. சோதனை பாஸ் ஆகிவிட்டது என்று நம்பியிருந்த நேரத்தில் கிணறு பொங்கியது. அங்கே அடக்கிவிட்டார்கள். பாடத்தை எழுதியும் வைத்தார்கள். ஆனால் அந்தப் பாடம் ஹொரைசன் குழுவின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இந்தியாவிலும் இந்தக் கதை உண்டு. 1995 ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபுடியில் ஓஎன்ஜிசி கிணறு வெடித்து 65 நாள் எரிந்தது. 2020 மே 27 அன்று அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா கிணறு பொங்கியது, ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். கிணறு அடங்க நவம்பர் ஆனது. பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு சுட்டிக்காட்டிய குறை நேரானது: அடுத்த தடுப்பு உறுதியாக நிற்கிறதா என்று சோதிக்காமல் பிஓபியைக் கழற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்ற புரிதல் அங்கே இல்லை. இயந்திரம் இல்லாமல் போகவில்லை. புரிதல் இல்லாமல் போனது.

பயிற்சியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐடபிள்யூசிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு 1992 முதல் இயங்குகிறது. அமெரிக்கத் துறைச் சங்கமான ஐஏடிசி 'வெல்ஷார்ப்' என்ற சான்றிதழ் தருகிறது. மெக்சிகோ வளைகுடா விபத்துக்குப் பிறகு பாடத்திட்டம் இறுகியது. யாருக்கு எந்த நிலை என்று பிரித்தார்கள். டிரில்லருக்கு மூன்றாம் நிலை, மேற்பார்வையாளர்களுக்கு நான்காம் நிலை. எழுத்துத் தேர்வோடு சிமுலேட்டர் தேர்வும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. இதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, தேவையும் இல்லை.

குறை, அதை நாம் நடத்தும் விதத்தில் இருக்கிறது. இன்ஜினியரிங் செமஸ்டருக்குப் பழைய கேள்வித்தாள் புரட்டியவர்கள்தானே நாம். அதே பழக்கம் இங்கேயும் வருகிறது. ஃபார்முலாவை மனப்பாடம் செய்து 'கில் ஷீட்' நிரப்பிவிடலாம். சிமுலேட்டரில் கிக் வரும் என்று முன்னாலேயே தெரியும், அதனால் எல்லாரும் பிடித்துவிடுகிறார்கள். நிஜத்தில் கிக் அதிகாலை மூன்று மணிக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசியில், "சென்சார் கோளாறா இருக்கும்" என்று தோன்றும்போது வரும். தேர்வு கேட்பது "என்ன செய்வாய்?" என்று. கிணறு கேட்பது "நிறுத்தச் சொல்ல உனக்குத் தைரியம் இருக்கா?" என்று.

அந்தத் தைரியத்துக்குத்தான் பயிற்சி குறைவு. ஆபத்து என்று நினைத்தால் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் போர்டு எழுதி மாட்டியிருக்கின்றன. ஆனால் ரிக் ஒரு நாள் சும்மா நின்றால் லட்சக்கணக்கான டாலர் போகும் இடங்கள் இருக்கின்றன. விசாவும் வட்டிக் கடனும் கழுத்தில் தொங்கும் ஒரு பையன், தப்பாகப் போனால் ஊருக்கு டிக்கெட் போடுவார்கள் என்று பயப்படுகிறவன், "சார், தொட்டி ஏறுது, நிறுத்துங்க" என்று சொல்வானா? நம்ம வளர்ப்பே பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்பதுதான். ரிக்கில் அந்த மரியாதை ஆளைக் கொல்லும். பொய் எச்சரிக்கை கொடுத்தவனையும் தட்டிக்கொடுக்கும் டூல்புஷர் ஒருவர் இருந்தால், பத்து போர்டுக்குச் சமம்.

என்ன செய்யலாம்? ரிக்கில் சேர்ந்து வேலை பார்க்கும் குழு, வகுப்பிலும் சிமுலேட்டரிலும் சேர்ந்து உட்கார வேண்டும். டிரில்லர் மட்டும் படித்து வந்தால் போதாது, அவரிடம் குரல் கொடுக்க வேண்டியவரும் கூட இருக்க வேண்டும். முன்னறிவிப்பில்லாத ஒத்திகைகள் நேரம் குறித்து நடக்க வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் தலைமை அலுவலக ஃபைலில் தூங்காமல், அந்த வாரமே ரிக் தளத்துக்கு வர வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் தொழிலாளிக்கு அவன் மொழியில் விளக்கம் வேண்டும். அழுத்தம் எந்த மொழியிலும் அழுத்தம்தான்.

இதெல்லாம் நிறுவனங்கள் செய்ய வேண்டியது. நம்மால் ஆவதும் ஒன்று உண்டு. ஊரிலிருந்து அக்கா மகனோ பெரியப்பா பேரனோ, "ஆயில் அண்ட் கேஸ் கோர்ஸ் சேரப் போறேன், கொஞ்சம் பணம் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்பது வெளிநாட்டில் இருக்கும் நமக்குப் புதிதல்ல. பணம் அனுப்பும் முன் நாலு கேள்வி கேளுங்கள். அங்கே சிமுலேட்டர் இருக்கிறதா? சொல்லித்தருகிறவர் ரிக்கில் வேலை பார்த்தவரா? அந்த மையத்துக்கு ஐடபிள்யூசிஎஃப் அல்லது ஐஏடிசி அங்கீகாரம் இருக்கிறதா, அதை அந்த அமைப்புகளின் இணையதளத்திலேயே பார்த்தாயா? ஐடபிள்யூசிஎஃப் முதல் நிலைப் பாடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே, அதை முடித்தாயா? பதில் வராவிட்டால், "பொறு தம்பி" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வான். பரவாயில்லை.

அவன் படித்து, வேலையும் கிடைத்து, விமானம் ஏறும் நாள் வரும். அன்று இன்னொன்றும் சொல்லுங்கள்: "சந்தேகமா இருந்தா சத்தம் போடு. வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம்." இதை அவனுக்கு எந்த வகுப்பிலும் வீட்டு ஆள் ஒருவர் சொல்லியிருக்க மாட்டார்.