நாற்பது வயது வரை சர்க்கரை காத்திருக்குமா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்த மத்திய அரசு, அவற்றின் பயன்களில் ஒன்றாக இதைச் சொன்னது: 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்த யாருக்கும் இந்த அறிவிப்பு எரிச்சலைத்தான் தரும். ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்த கையோடு வந்த பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் காண்ட்ராக்டர் அழைத்துவந்த இளைஞர்கள், விடுதியில் தங்கி செல்போன் பாகங்களைப் பொருத்தும் பெண்கள். பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். இவர்களைத் தொடாத பரிசோதனை யாருக்கு?

தெற்காசியர்களுக்கு நீரிழிவு ஐரோப்பியர்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. மத்திய சுகாதாரத் துறையின் தொற்றா நோய்த் திட்டமே 30 வயதிலிருந்து பரிசோதிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு, எடை கூடியவர்களுக்கான சர்க்கரைப் பரிசோதனை வயதை 2021இல் 40இலிருந்து 35ஆகக் குறைத்துவிட்டது. ஒரே அரசில் சுகாதாரத் துறை 30 என்கிறது, தொழிலாளர் துறை 40 என்கிறது. இடைப்பட்ட பத்து ஆண்டில் சிறுநீரகத்துக்கும் விழித்திரைக்கும் நேரும் சேதத்துக்கு எந்தத் துறை பொறுப்பு?

இந்த வட்டாரத்துக்குக் கொரியாவை நன்றாகத் தெரியும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்த பிறகு, பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் வந்தன. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் வந்தது. கொரியாவின் நேர ஒழுங்கையும் தர ஒழுங்கையும் நம் இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த நாட்டின் சட்டத்தை மட்டும் நாம் ஏன் இறக்குமதி செய்யவில்லை? அங்கே அலுவலக ஊழியருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், உற்பத்திப் பிரிவில் நிற்பவருக்கு ஒவ்வோர் ஆண்டும் உடல் பரிசோதனை கட்டாயம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அதில் அடக்கம். 40 வயது ஆகட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. 2014 முதல் இரவுப் பணியாளர்களுக்குத் தனிச் சிறப்புப் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான நேரத்தை உள்ளடக்கிய எட்டு மணி நேர வேலையை மாதத்துக்குச் சராசரியாக நான்கு முறை, ஆறு மாதம் செய்தாலே போதும். அவர் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார். தூக்கம், வயிறு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கப்படும். இதே அளவுகோலை இங்கே வைத்தால், வாரம் மாற்றி வாரம் நைட் பார்க்கும் நம் தொழிலாளிகள் அனைவரும் உள்ளே வருவார்கள். எந்த நிறுவனம் தானாக முன்வந்து என்ன செய்கிறது என்பதல்ல என் கேள்வி. சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது என்பதுதான்.

இரவு வேலைக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு ஊகமல்ல. அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 1.77 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. சுழற்சி முறையில் இரவுப் பணி பார்த்த ஆண்டுகள் கூடக் கூட, நீரிழிவு வரும் வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது. பெண்களை இரவுப் பணிக்கு அனுமதிப்பதை முன்னேற்றம் என்று புதிய சட்டத் தொகுப்பு கொண்டாடுகிறது. அவர்களுடைய ரத்தத்தைப் பார்க்கவும் அதே வேகம் வேண்டாமா?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். நைட் முடித்த ஒருவர் காலை எட்டரை மணிக்கு, சீருடையோடு, அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். “வெறும் வயிறுதானே?” என்று நர்ஸ் கேட்கிறார். ஆமாம் என்கிறார். கேன்டீனில் சாதமும் சாம்பாரும் சாப்பிட்டது இரவு இரண்டு மணிக்கு. எட்டு மணி நேரம் ஆகவில்லை. வருகிற எண்ணை வெறும் வயிற்றுச் சர்க்கரையாகக் கொள்ள முடியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை வாருங்கள் என்றால், அவர் கண் ஏற்கெனவே சொருகுகிறது. சீட்டில் மருத்துவர் 1-0-1 என்று எழுதுகிறார்: காலை ஒன்று, இரவு ஒன்று. பகலெல்லாம் தூங்கிவிட்டு மாலை ஆறு மணிக்குப் பல் விளக்குகிறவருக்குக் காலை எது? அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அப்போது எது? கிளிமெபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு, லைன் நிற்கக் கூடாது என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி, மெஷின் முன்னாலேயே கை நடுங்கும். மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எந்த ஷிப்ட்?” என்பது. நூறு பேர் காத்திருக்கும் ஓபியில் அதைக் கேட்க நேரமில்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஷிப்ட் தொழிலாளிக்கு ஏற்ற சோதனை அதுதான்.

இந்த நிலையில்தான் 10.8 என்ற எண்ணை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 2020ஆம் ஆண்டு நடந்த மாநிலக் கணக்கெடுப்பில், தமிழகத்தின் நீரிழிவு நோயாளிகளில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேரின் ரத்தத்தில் அது கட்டுக்கடங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை ஐ.நா. அமைப்பு 2024இல் விருது கொடுத்துப் பாராட்டியது. அது தகுதியான பாராட்டு. ஆனால் அந்தத் திட்டம் வீட்டைத் தேடிப்போகும் மருத்துவம். மாத்தூரிலும் தண்டலத்திலும் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்ட் பாய் மாற்றிப் படுப்பவர்களை எந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பது? அதற்காகத்தான் 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. 711 தொழிற்சாலைகள் என்று அறிவிப்பு. மாநிலத்தில் இருப்பவையோ ஏறத்தாழ 40 ஆயிரம்.

செலவு கட்டுப்படியாகாது என்று முதலாளிகள் தரப்பு சொல்லும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை ஏற்கெனவே கட்டாயம். நர்ஸ் இருக்கிறார், மேசை இருக்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ஒரு பட்டைக்குக் கணக்குப் பார்ப்பவர்களிடம் விவாதிக்க எதுவுமில்லை. அரிசியைக் குறைத்து நடைப்பயிற்சி செய்யச் சொல்லும் அறிவுரையாளர்கள், எட்டு மணி நேரம் நின்றவரிடம் அதை நேரில் சொல்லிப் பார்க்கட்டும். இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். அதன் சம்பள வரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. வரம்பைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மாதாந்திர மாத்திரைக்குத் தராது. புண் அழுகி விரலை எடுக்கும்போது தரும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது பயம். சர்க்கரை என்று தெரிந்தால் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்று நினைக்கிறவர், மாத்திரையை உறையிலிருந்து பிரித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகிறார். இந்தப் பயத்தைப் போக்காத எந்தப் பரிசோதனையும் வீண்.

நான்கில், பணிப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய சட்டத் தொகுப்பின் 6ஆவது பிரிவில் வயது எதுவும் இல்லை. எந்த வயதினருக்கு, எந்தப் பிரிவினருக்கு என்பதை உரிய அரசே விதியில் நிர்ணயிக்கலாம் என்றுதான் இருக்கிறது. இங்குள்ள தனியார் ஆலைகளுக்கு அந்த உரிய அரசு தமிழக அரசுதான். இரவுப் பணி பார்க்கும் ஒவ்வொருவருக்கும், நிரந்தரம், காண்ட்ராக்ட், பயிற்சியாளர் என்ற பேதமின்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். அந்த முடிவைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. தொழிற்பேட்டைப் பகுதிச் சுகாதார நிலையங்களில் மாலை நேர சர்க்கரை கிளினிக் நடக்க வேண்டும். இவை நடந்தால் இந்த மாவட்டத்தில் இன்னும் இருபது ஆண்டு கழித்து டயாலிசிஸ் படுக்கைக்கு வரிசை இருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. தொழிலாளர் நலத் துறை அமைச்சரும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, 40 என்ற எண் இல்லாத விதியை எழுதி வெளியிட வேண்டும்.