மூப்பு வரிசையும் மத்தியஸ்தர் தீர்ப்பும்

இரண்டு குடும்பங்கள் ஒன்றாகச் சேரும்போது பெட்டியிலுள்ள பணத்தைக் கூட்டிக் கணக்கிடுவது எளிது. பந்தியில் யார் முன்னே உட்காருவது என்பதைத் தீர்மானிப்பதுதான் கஷ்டம். ஆகாய விமானக் கம்பெனிகளின் இணைப்பும் இத்தன்மையதே. பங்குகளையும் கடன்களையும் சேர்த்துப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். இரு கம்பெனி விமானிகளின் மூப்புப் பட்டியல்களை ஒன்றாக்க முற்படும்போதுதான் உண்மையான வழக்குத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 2005-ம் வருஷ இணைப்பொன்றிலிருந்து எழுந்த அத்தகைய வழக்கு 2016 வரையில் ஓயவில்லை. அதன் வரலாறு நம் நாட்டுத் தொழிற்சங்க ஊழியர்களும் சர்க்காரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

மூப்பு என்பது வெறும் மரியாதைச் சின்னம் என்று சிலர் எண்ணக்கூடும். அது பெருந் தவறு. ஒரு விமானி எந்த ரக விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரிலிருந்து புறப்படுவார், எந்த நாளில் வீட்டிலிருப்பார், எப்போது காப்டன் ஆவார் என்பவற்றையெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளில் நிர்ணயிப்பது பட்டியலில் அவருக்குள்ள எண்ணேயாகும். ஆட்குறைப்பு நேர்ந்தால் பட்டியலின் அடியிலுள்ளவரே முதலில் வெளியேற வேண்டும். வக்கீல் ஒருவர் ஊர் மாறினால் தம் அநுபவத்தைக் கையோடு கொண்டு செல்லலாம். விமானியோ, இருபது வருஷ அநுபவம் உள்ளவராயினும், வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே கடைசி ஆளாகவே சேர வேண்டும். எனவே மூப்பு அவருடைய சொத்து. விற்கவும் எடுத்துச் செல்லவும் முடியாத சொத்து. இரண்டு பட்டியல்களை இணைப்பது பாகப் பிரிவினைக்கு ஒப்பான காரியம் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி விவகாரத்துக்கு வருவோம். யூ.எஸ். ஏர்வேஸ் என்பது அமெரிக்காவின் கீழ்ப்பகுதியில் வேரூன்றிய பழைய கம்பெனி. 2002-லும் 2004-லும் அது திவால் கோர்ட்டின் படியேறிற்று. அதன் விமானிகள் சுமார் 5,100 பேரில் ஏறக்குறைய 1,700 பேர் வேலையின்றி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர். அரிஸோனாவைச் சேர்ந்த அமெரிக்கா வெஸ்ட் என்ற இளைய கம்பெனியில் விமானிகள் சுமார் 1,900 பேரே. எனினும் அவர்கள் வேலையில் இருந்தார்கள். 2005 செப்டம்பரில் இவ்விரண்டும் இணைந்தன. பழைய பெயர் நிலைத்தது. நிர்வாகம் மேற்கத்தியார் கைக்கு வந்தது.

வேலையில் சேர்ந்த தேதியே அளவுகோலாக வேண்டும் என்றனர் கிழக்கத்தியார். நீண்டகாலம் உழைத்தவர்களை நேற்று வந்தவர்களுக்குக் கீழே நிறுத்துவது எந்தத் தர்மம் என்று அவர்கள் கேட்டார்கள். மேற்கத்தியாரோ, இணைப்பின் தினத்தில் அவரவர் வகித்த பதவியையும் அப்பதவி நிலைக்கக்கூடிய தன்மையையும் பார்க்க வேண்டும் என்றனர். மூழ்கும் கப்பலில் முன்வரிசையில் நின்றவர், கரையேற்றிய கப்பலிலும் முன்வரிசை கேட்கலாமா என்பது அவர்கள் வாதம். இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. அதனால்தான் மத்தியஸ்தர் தேவைப்பட்டார்.

இரு சாராரும் அப்போது ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அச்சங்கத்தின் விதிப்படி, மத்தியஸ்தர் தீர்ப்பு முடிவானது, இரு சாராரையும் கட்டுப்படுத்துவது. ஜார்ஜ் நிகோலாவ் என்ற மத்தியஸ்தர் 2007 மே மாதத்தில் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்களை ஓட்டிய கிழக்கத்திய மூத்த விமானிகள் ஏறக்குறைய 500 பேர் பட்டியலின் உச்சியில் வைக்கப்பட்டனர். இணைப்பின்போது வேலையின்றி இருந்தவர்கள் அடியில் வைக்கப்பட்டனர். மற்றவர்கள் வகித்த பதவிக்குத் தக்கபடி இடையிடையே கோக்கப்பட்டனர். இதன் பலனாக, பதினாறு வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்த கிழக்கத்தியார் ஒருவர், மேற்கே சில மாதங்களுக்கு முன் சேர்ந்தவரின் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அவருடைய மனக் கொதிப்பை யாரும் குறை கூற முடியாது.

ஆனால் கிழக்கத்தியார் அடுத்துச் செய்ததை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தீர்ப்புத் தங்களுக்குப் பாதகமானதும், அவர்கள் தங்கள் எண்ணிக்கையைப் பயன்படுத்தினார்கள். 2008-ம் வருஷத்தில் வோட்டெடுத்துப் பழைய சங்கத்தைத் தள்ளிப் புதிய சங்கத்தை அமைத்தார்கள். சேர்ந்த தேதியே மூப்புக்கு ஆதாரம் என்று அதன் சட்டதிட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். சிறுபான்மையான மேற்கத்தியாருக்கும் அச்சங்கமே சட்டப்படி பிரதிநிதி! தங்களை எதிர்ப்பவரே தங்களுக்கு வக்கீலாக அமைந்த விந்தையை எண்ணிப் பாருங்கள்.

மேற்கத்தியார் கோர்ட்டுக்குச் சென்றார்கள். 2009-ல் பீனிக்ஸ் நகர ஜூரி அவர்கள் பக்கம் சொல்லிற்று. புதிய கூட்டு ஒப்பந்தமே ஏற்படாத நிலையில் வழக்கு இன்னும் பக்குவமாகவில்லை என்று 2010-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிற்று. 2013-ல் கம்பெனி மீண்டும் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்தது. சங்கம் நியாயமான பிரதிநிதித்துவக் கடமையினின்று தவறிற்று என்று அதே அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது 2015-லேதான். மூவர் அடங்கிய மத்தியஸ்தக் குழு 2016-ல் மூன்று கம்பெனி விமானிகளுக்கும் ஒரே பட்டியல் வகுத்தது.

இவ்வளவு போராட்டத்தினால் விளைந்த லாபம் யாது? ஒரே சின்னம் பொறித்த விமானங்களை இரு சாராரும் வருஷக்கணக்கில் தனித்தனி ஒப்பந்தத்தின்கீழ் ஓட்டினார்கள். திவாலின்போது குறைக்கப்பட்ட சம்பளத்திலேயே கிழக்கத்தியார் 2013 வரை காலந் தள்ளினார்கள். கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால் மத்தியஸ்தர் பட்டியல் அமுலுக்கு வந்துவிடுமே என்ற அச்சந்தான் காரணம். சகோதரனுக்குப் பங்கு போகாதிருக்க வயலைத் தரிசாகப் போட்ட கதை இது. தொழிலாளர் இவ்வாறு பிரிந்து நிற்பதனால் லாபம் அடைபவர் சம்பளம் கொடுப்பவரே.

நம் நாட்டில் நடந்ததென்ன? அதே 2007-ம் வருஷத்தில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. சம்பள சமத்துவம் கோரி இந்தியன் ஏர்லைன்ஸைச் சேர்ந்திருந்த விமானிகள் 2011-ல் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னரே ஜஸ்டிஸ் தர்மாதிகாரி தலைமையில் கமிட்டி நியமிக்கப்பட்டது. 2012-ல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. புதிய டிரீம்லைனர் விமானப் பயிற்சியை மற்றச் சாராருக்கும் அளித்தால் தங்கள் பதவி உயர்வு பாதிக்கப்படும் என்பது அவர்கள் குறை. அவர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. சுமார் 100 பேர் நீக்கப்பட்டனர். பிரயாணிகள் பட்ட தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டை இடித்துச் சேர்த்துக் கட்டிய பிறகு, யாருக்கு எந்த அறை என்று விசாரிக்க நான்கு வருஷம் கழித்து ஆள் அனுப்பியது சர்க்கார்! இங்கே முதற் குற்றம் விமானிகளுடையது என்று நாம் சொல்ல மாட்டோம்.

அமெரிக்கர்கள் தங்கள் பிழையிலிருந்து ஓரளவு பாடம் கற்றார்கள். 2001-ல் டி.டபிள்யூ.ஏ. கம்பெனி அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் சேர்ந்தபோது, அதன் விமானப் பணியாளர் அனைவரும் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டனர். மிஸ்ஸௌரி ஸெனட்டர்களான மெக்காஸ்கில், பாண்ட் இருவர் பெயரால் வழங்கும் சட்டம் 2007 டிஸம்பரில் இயற்றப்பட்டது. பட்டியல் இணைப்பு நியாயமாகவும் சமரீதியாகவும் இருக்க வேண்டும்; பேசி முடியாவிட்டால் மத்தியஸ்தம் உண்டு என்பது அதன் சாரம்.

டாட்டா குடும்பத்திடம் 2022-ல் திரும்பிய ஏர் இந்தியாவுடன் 2024 நவம்பரில் விஸ்தாரா சேர்ந்தது. இணைப்புகள் இனியும் வரும். விமானப் போக்குவரத்தில் மட்டுமா? பாங்கிகளிலும் பிற ஸ்தாபனங்களிலும் வரும். ஆகவே நாம் கோருவது இரண்டு. மூப்பை எவ்வளவுகோலால் அளப்பது, யார் மத்தியஸ்தர் என்ற இரண்டையும் தீர்க்காமல் எந்த இணைப்புக்கும் சர்க்கார் அநுமதி தரலாகாது. இதைச் சட்டமாகவே செய்ய வேண்டும். சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மத்தியஸ்தரிடம் போகுமுன் ஆயிரந் தடவை யோசியுங்கள். போன பிறகு, தீர்ப்புக் கசந்தாலும் விழுங்குங்கள். வென்றால் ஏற்போம், தோற்றால் வோட்டெடுப்போம் என்பது மத்தியஸ்தம் ஆகாது. இன்று எண்ணிக்கையின் பலத்தால் சகோதரனைக் கீழே தள்ளுகிறவர், நாளை இன்னும் பெரிய கூட்டத்துடன் சேரும்போது, தாமே சிறுபான்மையாய் நிற்க நேரும் என்பதை மறத்தலாகாது.