கல்யாணக் கேசட்டும் நான் செய்த தவறும்

பொங்கலுக்கு நான் போட்ட தம்பி கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எங்க வீட்டிலயும் பெட்டி நிறைய கேசட் கிடக்கு, எப்படி ஏத்துனீங்க?" என்று பலர் கேட்டீர்கள். எப்படி ஏற்றுவது என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வி.சி.ஆரையும் லேப்டாப்பையும் இணைக்க விரல் நீளத்தில் ஒரு யு.எஸ்.பி. கருவி விற்கிறார்கள். மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. கூடவே ஒரு சி.டி.யில் மென்பொருளும் தருவார்கள். வம்பெல்லாம் அதில்தான். முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையாக வந்து மேலும் கீழும் ஓடியது. கேசட் போச்சு என்றே நினைத்தேன். நம் ஊர்க் கேசட் எல்லாம் பால் முறை, வினாடிக்கு 25 படம், 625 கோடு. மென்பொருளோ அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில், 525 கோட்டில் நின்றுகொண்டிருந்தது. மாற்றியதும் பட்டுப்புடவைக்கு நிறம் வந்துவிட்டது! மஞ்சள் ஒயரைச் செருகிவிட்டு மென்பொருளில் எஸ்-வீடியோ என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் இப்படி நிறம் போகும். ஆகவே கேசட்டைத் திட்டாதீர்கள்.

அடுத்த நாள் ஒலியில் கோளாறு. அது லேப்டாப் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு மிக்ஸிச் சத்தத்தைப் பதிந்திருக்கிறது. பென் டிரைவில் நேராகப் பதிந்தேன், 4 ஜி.பி.யில் நின்றுவிட்டது. ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராதாம்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. நான் செய்தது வேறு. அந்த மென்பொருளில் வெட்டு, ஒட்டு, பூ விழும் எஃபெக்ட் என்று பட்டன்கள் இருந்தன. கை சும்மா இருக்குமா? 1993 கல்யாணம், மூன்று மணி நேரக் கேசட். பந்தி ஒரு பத்து நிமிடம் வளவளவென்று ஓடியது. வெட்டினேன். லேப்டாப்பில் இடமில்லை என்று முழுக் கோப்பையும் அழித்தேன்.

வீடியோ போட்ட அன்றே பெரியம்மா மகள் போன் செய்தார். "ஏன்டி, சித்தி பந்தியில கேசரி வச்சிக்கிட்டே யாரையோ அதட்டுவாங்களே, அது எங்கடி?" சித்தி என்றால் என் அம்மா. அம்மா போய் 14 வருடம். மற்ற இடமெல்லாம் வீடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். பந்தியில் மட்டும்தான் உள்ளபடி ஒலி.

மறுபடி கேசட்டைப் போட்டேன். டேப்பில் வெள்ளையாகப் பூசணம் இருந்ததை முதல் தடவையே பார்த்தவள்தான், துடைக்கவில்லை. டேப் உள்ளே சிக்கி மடங்கிவிட்டது. கடைத்தெரு டி.வி. மெக்கானிக் தம்பி பொறுமையாக எடுத்து, ஹெட்டைத் துடைத்து ஓட்டிக் கொடுத்தார். இரண்டு நிமிடம் தேறியது. அம்மா வருகிறார், கை நீட்டி ஏதோ சொல்கிறார். குரல் இல்லை. ஒலி டேப்பின் ஓரத்தில்தான் பதிந்திருக்குமாம். ஓரம் முழுக்கக் கசங்கிவிட்டது.

அதனால் சொல்கிறேன், கூட வரும் மென்பொருளை நம்பி வெட்டாதீர்கள். பதிவதற்கு ஓ.பி.எஸ். ஸ்டுடியோ, விர்ச்சுவல்டப் என்று இலவசமாகவே இருக்கின்றன. கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் பதிந்து, இரண்டு இடத்தில் வைத்த பிறகு எத்தனை பூ வேண்டுமானாலும் தூவிக்கொள்ளுங்கள். "ஏ.ஐ. எல்லாத்தையும் சரி பண்ணிடும் டீச்சர்" என்கிறான் ஒருவன். மங்கலைத் தெளிவாக்கலாம்ப்பா, அழித்ததை எங்கிருந்து கொண்டுவரும்? தள்ளிப்போடவும் வேண்டாம். கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லுங்கள்.

1996 ஆண்டு விழாக் கேசட் இன்னும் பீரோவில் இருக்கிறது. நல்ல வி.சி.ஆர். யாரிடமாவது ஓடும் நிலையில் இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். அதில் கட்டபொம்மனாக நடித்தவன் மகனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். வசனம் மறந்து என்னைத் திரும்பிப் பார்த்த இடத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்டா, சொல்லிவிட்டேன்.