துபாய் எம்மாந் தூரம்?

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தொல்லை உண்டு. பாங்க் சலானிலிருந்து ராக்கெட் வரை சகலமும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். போன வாரம் நெட்டுக்குப்பத்தில் தெரிந்த மீனவர் ஒருவர் என்னை மடக்கினார். பையனுக்குத் துபாயில் வேலை, டிக்கெட் வந்துவிட்டது.

"தம்பி, துபாய் எம்மாந் தூரம்?"

"வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர்ணே. சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதேதான். அது மேற்கே, இது கிழக்கே."

"கிலோமீட்டர்லாம் வேணாம்பா. எம்மாம் நேரம்?"

கடலில் தூரத்தை மணிக்கணக்கில் சொல்லிப் பழகியவர். பேப்பரை எடுத்தேன். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பினால், துபாயில் பகல் 12.30-க்கு இறங்கலாம்.

"ரெண்டரை மணி நேரம்தானா!" என்று சந்தோஷப்பட்டார் அண்ணி.

அங்கேதான் தப்பு. பறப்பது சுமார் நாலு மணி நேரம். துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. போகும்போது ஒன்றரை மணி வரவு. திரும்பும்போது அதையே பற்று எழுதிவிடுவார்கள். சிங்கப்பூர் நேர்மாறு. இரண்டரை மணி முந்தி நிற்கும். அதே நாலு மணிப் பயணத்துக்கு அங்கே கடிகாரம் ஆறரை காட்டும்!

அண்ணன் வலையை ஓரம் வைத்துவிட்டுக் கேட்டார்: "போவ சொல்லோ எதிர்க்காத்தா?"

அசந்துவிட்டேன். விமானத்தில் ஏறாத மனிதர்! குளிர்காலத்தில் சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கும். துபாய் போகிற விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டும். வருகிற விமானத்தை அது தள்ளிவிடும். அதனால் போவதைவிட வருவது சீக்கிரம்.

"தாமதம் வானத்துல இல்லண்ணே, தரையிலதான்" என்றேன். மீனம்பாக்கம் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். ஆனால் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் கடவுள்தான் துணை. 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்திருப்பதால் பிழைத்தோம். வழியில் இரண்டு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி முன்னதாக ஆஜர், அங்கே போய் வரிசையில் ஒரு மணி. தரையில் ஆறு, வானத்தில் நாலு. மொத்தம் பத்து.

அண்ணன் முகத்துவாரத்தைப் பார்த்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படர்ந்த அதே தண்ணீர். அன்று கறுத்துப்போன வலையைத் தூக்கி எறிந்தபோதுதான், கடலை விட்டு வேறு வேலை தேடுவது என்று பையன் முடிவு செய்தானாம்.

"போறது சரி. திரும்பி எப்போ வருவான்?"

"காண்ட்ராக்ட் ரெண்டு வருஷம்ணே."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கடலுக்குப் போனவன் கரைக்கு வர்ற வரைக்கும்தான் தம்பி எங்களுக்குக் கணக்கு. பத்து மணி நேரம்ன்றியே... ரெண்டு வருசத் தூரம்னு சொல்லு."

பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் கூட்டலில் அந்த வரி விட்டுப்போயிருந்தது.