‘பாம்’ என்னும் சோம்பேறிச் சொல்

தில்லியில் ஜனவரி தோறும் ஒரு காட்சி மீள்கிறது. கல்வி வளாக வாயில்களிலும் தங்கும் விடுதிகளின் முகப்புகளிலும் வரிசையாக நடப்பட்ட இளம் பனையினக் கன்றுகள் பச்சை வலைத்துணியும் பாலித்தீன் தாளும் சுற்றப்பட்டு, கட்டுப்போட்ட நோயாளிகளைப் போல மூடுபனிக்குள் நிற்கின்றன. மார்ச்சில் கட்டு அவிழும்போது சில துளிர்க்கின்றன; சில பழுப்பேறிய கழிகளாக எஞ்சுகின்றன. கருகியவை பிடுங்கப்பட, அதே குழியில் அதே இனக் கன்று மீண்டும் இறங்குகிறது. அடுத்த ஜனவரியில் அதே துணி, அதே தாள். இதற்குத் தோட்டக்கலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒரு கொள்முதல்.

இந்தப் பிழைக்குப் பல வேர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று சொல்லில் இருக்கிறது.

தென்னை, பனை, கமுகு, ஈச்சை, தாளி, கூந்தற்பனை எனத் தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது. இவை அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் அன்றாடச் சொல் தமிழில் இல்லை. ‘பனைக் குடும்பம்’ என்பது பாடநூல் ஆக்கம். இந்தியிலும் நாரியல், தாட், சுபாரி, கஜூர் என்று தனித்தனிப் பெயர்கள்தாம். ஆனால் தில்லியின் நாற்றங்கால்களிலும் கொள்முதல் பேச்சிலும் இவையெல்லாம் அழிந்து ‘பாம்’ என்ற ஒற்றைச் சொல் ஆட்சி செய்கிறது. சொல் இல்லாவிட்டால் சிந்தனையே இராது என்பது மொழியியல் எப்போதோ கைவிட்ட மிகைக்கூற்று. அதை இங்கே மீட்டெடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சிந்தனையைத் தீர்மானிக்க முடியாத சொல், ஒரு கொள்முதல் ஆணையைத் தீர்மானித்துவிடும். ‘நூறு பாம்’ என்று எழுதினால் வண்டியில் வந்து இறங்குவது எது என்பதை விற்பவரே முடிவு செய்கிறார்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் வேறுபாடுகள் சிறியவை அல்ல. பாட்டில் பாம் மொரீசியஸ் பகுதித் தீவுகளுக்கு உரியது; நரிவால் போன்ற ஓலைகளுடைய ஃபாக்ஸ்டெயில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு உரியது; ராயல் பாம் கியூபா, ஃபுளோரிடா பக்கத்தது. இவை வெப்பமண்டலக் கடற்காற்றில் உருவானவை. மறுபுறம், சீனாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குச் சென்ற ட்ரகிகார்ப்பஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பனை, பிரிட்டனின் பனிக்காலத்தைத் திறந்தவெளியிலேயே கடக்கிறது. அதே பேரினத்தின் இன்னொரு இனம் குமாவூன் மலைகளில், பனி பொழியும் உயரத்தில் இயல்பாக வளர்கிறது. தென்னை உறைபனி என்ற சொல்லையே அறியாதது. குமாவூன் பனை அதிலேயே பிறந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பவர், மீன்கொத்தியையும் பென்குவினையும் ‘பறவை’ என்று மட்டும் குறித்து ஒரே கூண்டில் அடைப்பவருக்கு ஒப்பானவர்.

குளிர் தாங்கும் பனையைத் தேர்ந்தால் சிக்கல் தீருமா? தீராது. தில்லி ஒரு தேர்வை அல்ல, இரண்டு தேர்வுகளை வைக்கும் நகரம். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அதே நிலையம் 2024 மே 29 அன்று 46.8 டிகிரியைப் பதிவு செய்தது. குளிரில் வெல்லும் மலைப்பனை இந்த மே மாதத்தில் வாடும். மே மாதத்தைச் சகிக்கும் தீவுப்பனை ஜனவரியில் கருகும். இரண்டையும் கடக்கும் பனையினங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று தில்லிச் சுற்றுப்புறத்தில் எவரும் நடாமலே முளைத்து நிற்கும் ஈச்சை. எவரும் விற்காததால் எவரும் கேட்பதில்லை.

பனையினத்தைக் குளிர் ஏன் இவ்வளவு எளிதில் கொல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேம்பின் கிளை நுனிகள் உறைபனியில் கருகினால் கீழேயுள்ள மொட்டுகள் தழைக்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் வளர்முனை உச்சிக் குருத்தில் ஒன்றே ஒன்று. அது அழுகினால் மரம் முடிந்தது. வேம்பைப் போல ஆண்டுதோறும் தடித்துக் காயத்தை மூடிக்கொள்ளும் திசு அதன் தண்டில் இல்லை. இது நவீனத் தாவரவியல் மட்டும் கண்டறிந்த இரகசியம் அன்று. தொல்காப்பிய மரபியல் வயிரம் உள்ளே உடையவற்றை மரம் என்றும், வெளியே உடையவற்றைப் புல் என்றும் பிரித்தது; அவ்வகையில் பனையும் தென்னையும் புல். இன்றைய வகைப்பாடும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுக்குள் வைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் வட இந்தியாவை வென்று தில்லிக்கு வந்த பாபர், இந்த நாட்டைப் பற்றிக் குறைகள் அடுக்கியவர். ஆனாலும் ஈச்சையைப் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதும்போது, தலையை வெட்டினால் உயிரினம் மாய்வதுபோல் அதுவும் பட்டுப்போகும் என்று நுட்பமாகக் கவனித்திருக்கிறார். இலக்கண ஆசிரியரும் படையெடுத்து வந்த மன்னரும் கண்டதைப் பல்கலைக்கழகத் தோட்டக் குழுக்கள் காணவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

மரமா, புல்லா என்பது வெறும் சொற்போர் என்று நினைப்பவர்கள் கோவாவை நினைவுகூரலாம். 2016இல் அம்மாநில அரசு மரப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தம் செய்து தென்னையை மரங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு எழுந்தபின் 2017இல் அது மீண்டும் மரமாயிற்று. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994, தண்டிலிருந்து கிளைகள் தோன்றித் தண்டால் தாங்கப்படும் கட்டைத் தாவரத்தை மரம் என வரையறுக்கிறது. அச்சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் கிளையற்ற பனை எங்கே நிற்கும்? வெட்டப்படும் போது மரமல்ல என்று வாதிடத்தக்க ஒன்று, ‘இத்தனை மரம் நட்டோம்’ என்று கணக்குக் காட்டும்போது மட்டும் மரமாகிவிடுகிறது. வெட்டிய வேம்புக்கு ஈடாக வாயிலில் நட்ட பாட்டில் பாம் எண்ணிக்கையில் சேர்க்கப்படுமானால், அது இழப்பீடு அன்று, எண் விளையாட்டு.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: தில்லியின் பழைய பங்களா வளாகங்களில் ராயல் பாம்கள் ஓங்கி நிற்கின்றனவே? நிற்கின்றன. முதிர்ந்த ராயல் பாம் தில்லிக் குளிரைப் பெரும்பாலும் தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் நிற்பவை கண்ணுக்குத் தெரிகின்றன. பட்டவை குழியோடு மறைந்துவிட்டன. பிழைத்தவற்றை மட்டும் எண்ணி ஒரு முறையைப் புகழ்வது முதுகலை மாணவரின் ஆய்வேட்டில்கூட ஏற்கப்படாத தவறு. மேலும் ராயல் பாம் பிழைத்தது என்பது பாட்டில் பாமுக்குச் சான்றாகாது. இங்கும் ‘பாம்’ என்ற சொல்தான் ஒன்றின் வெற்றியை இன்னொன்றின் கணக்கில் எழுதுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் குளிர்காலத்துக்கே உரியது: பாம் செடிகள் காற்றைத் தூய்மை செய்கின்றன. நவம்பரில் புகைமண்டலம் இறங்கியதும் ‘அரேக்கா பாம்’ தொட்டிகள் துறைத்தலைவர் அறைகளுக்குள் நுழைகின்றன. முதலில் அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும். ‘அரேக்கா’ என்பது நம் அடைக்காய்; தென்னிந்தியக் கரையில் போர்ச்சுகீசியரின் நாவேறி ஐரோப்பா சென்ற சொல். தாவரவியலில் அது கமுகின் பேரினப் பெயர். இந்தத் தொட்டிகளில் நிற்பதோ கமுகு அன்று; மடகாஸ்கரைச் சேர்ந்த வேறொரு பேரினச் செடி. நம் சொல் கடல் கடந்து, வேறொரு செடியின்மேல் ஒட்டப்பட்டு, நமக்கே விற்கப்படுகிறது.

செடியின் பெயரைப் போலவே அதன் புகழும் இடம் மாறி ஒட்டப்பட்டது. நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு, மூடிய சிறு அறைகளுக்குள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைத் தொட்டிச் செடிகள் எவ்வளவு குறைக்கின்றன என்று பார்த்தது. தில்லியின் குளிர்கால நஞ்சில் முதன்மையானது நுண்துகள். அது வேறு சிக்கல். அந்த ஆவிகளைப் பொறுத்தவரையிலும், 2019இல் வெளிவந்த ஒரு மறுபகுப்பாய்வு, இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. மேசையருகே இரண்டு தொட்டிகளை வைத்துவிட்டு வெளியே குப்பை எரிவதைக் காணாதிருப்பவர், செடியை அன்று, தம் மனச்சான்றைத் தூய்மை செய்துகொள்கிறார். அவர் அறைக்குள் மூச்சு விடும் அதே காலையில், அந்தச் செடிகளுக்குத் துணி கட்டும் தோட்டப் பணியாளர் முகக்கவசம்கூட இன்றி வெளியே நிற்கிறார்.

மூன்றாவது எதிர்வாதம் கூர்மையானது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ‘அயல் செடி வேண்டாம்’ என்ற குரல் எளிதில் ‘அயலார் வேண்டாம்’ என்ற குரலாக மாறும். இந்த அச்சம் பொய்யன்று. அதனால்தான் இங்கே அளவுகோல் பிறப்பிடம் அல்ல. மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்தேறிகளே. அவற்றைத் துரத்தினால் இந்திய அடுக்களையே பட்டினி கிடக்கும். மாறாக, தென்னை இந்தியத் தாவரம்தான். தில்லிக்கு அது அயல். தேச எல்லை வானிலை எல்லை அன்று. கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: இந்த மண்ணிலும் வானிலையிலும் ஊன்றுகோலின்றி வாழுமா? வாழ்ந்தால் பிறருக்கு என்ன தரும், பிறரிடமிருந்து எதைப் பறிக்கும்?

இரண்டாம் கேள்வியை விட்டுவிட்டு முதல் கேள்வியை மட்டும் கேட்டால் என்ன நேரும் என்பதற்குத் தில்லி மலைத்தொடரே சான்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே பரப்பப்பட்ட விலாயதி கீக்கர் எந்தப் பராமரிப்பும் இன்றித் தழைத்தது. தழைத்து மற்றவற்றை ஒடுக்கியது. தமிழகம் அதையே சீமைக் கருவேலம் என அறியும். ‘விலாயதி’, ‘சீமை’ என்று இரு மொழிகளும் வெவ்வேறாக ஒரே எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதி வைத்தன. அதே ஆட்சி புதிய தலைநகரைக் கட்டியபோது, சுந்தர் நாற்றங்காலில் மரக்கன்றுகளை வளர்த்துப் பார்த்து, வேம்பு, நாவல், மருது, புளி எனச் சாலைகளுக்குத் தெரிவு செய்தது. அதன் நோக்கம் பேரரசின் பகட்டுதான். ஆயினும் பகட்டுக்குக்கூட நிழல் தேவை என்ற அறிவு அதற்கு இருந்தது. நூறாண்டு கழித்தும் மே மாதத்துப் பேருந்துப் பயணி அந்த நாவலின் அடியில்தான் ஒதுங்குகிறார். பாட்டில் பாமின் நிழலில் ஒதுங்க ஒரு குடைக்கம்பியின் நிழலே போதும் என்ற மெலிவு வேண்டும்.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். முனிர்காவின் மாடியறையிலோ கரோல் பாக்கின் பால்கனியிலோ ஒரு தமிழ்க் குடும்பம் கறிவேப்பிலைத் தொட்டியை இரவில் உள்ளே எடுத்து வைத்து, இலை உதிர்ந்த குச்சி பிப்ரவரி முடிவில் துளிர்க்கும் வரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில் பிழையில்லை. அங்கே செலவும் உழைப்பும் ஏக்கமும் அவர்களுடையவை. செடி பட்டுப்போனால் வருந்துவோரும் அவர்களே. வளாக வாயில் பனைக்கு ஏங்குவோர் எவரும் இல்லை. அதன் விலை பொதுப்பணம்; அதன் குளிர்கால உழைப்பு ஒப்பந்தத் தோட்டப் பணியாளர் ஒருவரின் விடியற்காலை. பட்டுப்போனால் திட்டு வாங்குபவரும் அவரே, தேர்ந்தெடுத்தவர் அல்லர். வளர்ப்பதற்கும் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கொள்முதல் ஆணைகளில் ‘பாம்’ என்ற சொல்லைத் தடை செய்து, இனப்பெயரைக் கட்டாயமாக்க வேண்டும். நட்டவற்றின் எண்ணிக்கையோடு, இரண்டு குளிர்காலங்களையும் இரண்டு கோடைகளையும் கடந்தவற்றின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். எதை நடுவது என்னும் கூட்டத்தில், அதைக் காப்பாற்றப் போகும் தோட்டப் பணியாளருக்கு ஓர் இருக்கையும் ஒரு வாக்கும் வேண்டும். தாவரவியல் துறை உள்ள பல்கலைக்கழகம் தன் வாயிலில் நடுவதை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுவது, மொழித்துறை உள்ள பல்கலைக்கழகம் தன் பெயர்ப்பலகையைப் பிழையோடு தொங்கவிடுவதற்குச் சமம்.

பனை அழகுதான் வேண்டுமென்றால் ஈச்சை இருக்கிறது. அதற்குத் துணி வேண்டாம், தாள் வேண்டாம். பழம் பழுத்தால் பறவைகள் வரும். அதை வேண்டுவோர் முதலில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும்.